ஸ்விட்ச் பாக்ஸ் இருந்த இடம்

தச்சு வேலைக்கு வந்த சேசுராஜ் சாப்பிடப் போய்விட்டான். போகிறபோது, "யக்கா, இந்த ஒரு போர்ட மட்டும் அளவு வெட்டிக் கொண்டாந்துருதேன். அதையும் அடிச்சிட்டோம்னா அந்தப் பக்கம் குண்டு போட்டாலும் ஒங்களுக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சங்கரவடிவு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அதைச் சுவர் என்று இனிமேல் சொல்லலாமா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ரீப்பர் கட்டையால் சட்டம் அடித்து, சட்டத்துக்குள் தலையணைக்கு அடைக்கிற மாதிரி பஞ்சை அடைத்து, அதன் மேல் வெள்ளை வெளேரென்று போர்டு. சுவருக்கே ஸ்வெட்டர் போட்டுவிட்டது போல இருந்தது. திருநெல்வேலி வெயிலில் சுவருக்கு ஸ்வெட்டர் போட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் ஒரு இடம் மட்டும் இன்னும் மூடவில்லை, பழைய ஸ்விட்ச் பாக்ஸ் இருந்த இடம். காலையில் எலக்ட்ரீசியன் வந்து பெட்டியைக் கழற்றி வயரை வேறு வழியாகத் திருப்பிவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் குழிக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. துளைக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஸ்விட்ச் பாக்ஸ். கட்டின புண்ணியவான் செங்கல்லை மிச்சம் பிடிக்க இரண்டு வீட்டுப் பெட்டியையும் முதுகோடு முதுகாக ஒட்டி வைத்திருக்கிறான். அடப்பாவி, இது வழியாகத்தானா அத்தனை சத்தமும் வந்தது? பீரோவை நகர்த்தி அந்தச் சுவரில் சாத்தினது, பட்டுச்சேலைகளைத் திரை போலத் தொங்கவிட்டது, எல்லாம் வீண். செல்போனில் ஒரு பையன் முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதை நம்பி, முட்டையை ஏறெடுத்தும் பார்க்காத வீட்டில் பிறந்தவள் புரோட்டாக் கடை வாசலில் போய் அட்டைக்கு நின்றாள். ஒட்டின அட்டையில் கரப்பான்கள் குடும்பம் குடும்பமாகக் குடிவந்தனவே தவிர, சத்தம் ஒரு இம்மி குறையவில்லை.

அதுவும் சும்மாச் சத்தமா? டிவி என்றால் டிவி, சண்டை என்றால் சண்டை, மனுஷிக்குப் பழகிவிடும். இது ஒரு தினுசு. முதலில் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிக்கிற அடி. டங், டங், டங். அப்புறம் ஒரு பெண் குரல் 'ஆ' என்னும். என்றுவிட்டு நிற்கும். 'ஊ' என்னும், நிற்கும். 'ஈ', 'ம்ம்', 'ஸ்ஸ்', 'ஷ்ஷ்'. ஒவ்வொன்றுக்கும் நடுவில் யாரோ பதில் சொல்லப் போகிற மாதிரி ஒரு காத்திருப்பு. பதில் வராது. அப்புறம் மிருதூ, மிருதூ, மிருதூ என்று தொண்டை கிழிகிற மட்டும் கூப்பிடும். மறுபடியும் தட்டு. முதலில் வடிவு கிளி வளர்க்கிறார்கள், அதற்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் எந்தக் கிளிக்கு விடியக்காலையிலும் மத்தியானத்திலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் பாடம் எடுப்பார்கள்? அப்படியானால் மாந்திரீகம். சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? யாரையோ பிடித்திருக்கிறது, பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டப் பார்க்கிறார்கள், அது போக மாட்டேன் என்கிறது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நெல்லையப்பனிடம் போய் அப்படியே சொல்லியும் விட்டாள். அவர், "அவங்க சி பிளாக்லா, நமக்கு அந்தப் படி வழியே கெடையாது. சொல்லிவிட்டுருக்கேன்" என்றார். சொல்லிவிட்டதற்கு அடையாளமே இல்லாமல் மறுநாளும் தட்டு அடித்தார்கள். "அவ்வளவு சொல்லியும் செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரில்லா இருக்கு" என்று அவரிடமே சலித்துக்கொண்டு வந்தாள். வந்த கையோடு சேசுராஜுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்து ஆட்களை அவள் பார்த்ததுகூட அபூர்வம். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் படுத்துத் தூங்குகிறவர்கள் இரண்டு வெவ்வேறு படி இறங்கி இரண்டு வெவ்வேறு கேட் வழியாகப் போகிறார்கள். பால்கனியிலிருந்து ஒரு தடவை பார்த்தாள். ஒல்லியாக ஒரு பெண், இடுப்பில் நாலு வயசுக் குழந்தை. குழந்தையின் தலையைச் சுற்றி ரிப்பன் போல ஒரு பட்டை, பட்டைக்குள் காதுக்கு மேலே வட்டமாக ஒரு பொத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்னத்தையெல்லாமோ மாட்டிவிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டுத் துணியை உதறிக் காயப்போட்டாள்.

இப்போது எவ்வளவு அமைதி. ஃபேன் சுற்றுகிற சத்தம்கூடப் பஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இதற்காகத்தானே அலைந்தாள். கண்ணை மூடி, சாய்ந்து, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு அடங்கவில்லை, அதற்குள் அது ஏறியது. இடது காதுக்குள் அந்த ரீங்காரம். ம்ங்ங் என்று, எங்கோ தூரத்து மில்லில் மெஷின் ஓடுகிற மாதிரி. டாக்டர் போன வருஷமே சொன்னார், இது வெளியே இருந்து வருகிற சத்தம் இல்லை அம்மா, உள்ளே இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள் என்று. அவள் நம்பவில்லை. எல்லாம் அந்தச் சுவரிலிருந்துதான் வருகிறது, சுவரை அடைத்தால் இதுவும் அடங்கும் என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சுவர் கிட்டத்தட்ட முழுக்க அடைத்தாயிற்று, இது அடங்கக் காணோம். அடங்காதது மட்டுமா, மற்றதெல்லாம் ஒழிந்த வீட்டில் இது கால் நீட்டி உட்காருகிறது. அந்தக் கடைசிப் போர்டையும் அடித்துவிட்டால்? புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் அவளும் இந்த ம்ங்ங்கும்தான் மிச்சம். நினைக்கவே பயமாக இருந்தது. போர்டு அடித்து இதை யார் நிறுத்துவது? முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்த காது இது. டிரங்க் கால் கேட்டு மெட்ராசும் பம்பாயும் கோயம்புத்தூரும் ஒரே நேரத்தில் கத்தும். அத்தனை கத்தலுக்கும் அடியில் லைனுக்கென்று ஒரு முனகல் இருக்கும், ம்ங்ங் என்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது தலையைக் குடைந்தது. அப்புறம் கேட்கவே இல்லை. எப்போதும் இருக்கிற சத்தம் சத்தமே இல்லை. அது நின்றால்தான் காது விழித்துக்கொள்ளும். முனகல் நின்றால் லைன் செத்தது என்று அர்த்தம். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து...

"ஏங்க, இப்பவும் சொல்லுதேன். காலைல அந்தப் பக்கம் சுத்தியல் அடிச்சாங்கல்லா, அப்பத் திரும்பினா. என் கண்ணால பாத்தேன்."

வடிவு கண்ணைத் திறந்தாள். அறைக்குள் யாரும் இல்லை. குரல் குழியிலிருந்து வந்தது. இத்தனை நாள் சுவர் முழுக்கப் பரவி, மோதி, உருத்தெரியாமல் வந்த குரல், இப்போது மற்ற வழியெல்லாம் அடைபட்டுப்போனதால் அந்த இரண்டு விரல் துளைக்குள் நுழைந்து, காதோடு வாய் வைத்துச் சொல்கிற மாதிரி வந்தது. "செல்வி, தரை அதிர்ந்திருக்கும்ட்டி. காலுக்குத் தெரிஞ்சிருக்கும். காதுக்கு இல்ல." இது ஆண் குரல், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற குரல். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த புருஷன். "மெஷின் நல்லாத்தான் வேல செய்யுதுன்னு பயிற்சி குடுக்க மேடம் சொன்னாங்கல்லா?" என்றாள் அவள். "மெஷின் வேல செய்யுது, யாரு இல்லன்னா? அது சத்தம்னு புள்ளைக்குப் புரியல்லயே. ஆபரேஷன் பண்ணி, தலைக்குள்ள வயர வச்சி, வெளிய மெஷின மாட்டி, ஆறு மாசமா நீயும் தட்ட வச்சி அடிக்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நம்ம கூப்பிட்டுத் திரும்பிருக்காளா?" அவன் டம்ளரை வைக்கிற சத்தம். "நாளைக்குக் கொண்டு போயி அந்த ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துருவோம். இடம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. கையால பேசச் சொல்லிக்குடுப்பாங்க, அவளப் போல நெறையப் புள்ளைய இருக்கு, நல்ல இடந்தாம்ட்டி. நானும் சந்தோசமாவா சொல்லுதேன்?" "நல்ல இடந்தான். நான் இல்லங்கல்ல. நாலு வயசுப் புள்ளைய விட்டுட்டு நான் மட்டும் படி எறங்கி வரணும்லா. திரும்பிப் பாக்கதுக்குக்கூட நான் கூப்பிட முடியாதுல்லா." அப்புறம் அந்தப் பெண்ணின் குரல் தழைந்தது. "ஒரே ஒரு வாட்டி. நான் கூப்பிட்டு ஒரு வாட்டி திரும்பிட்டான்னா போதும். இல்லன்னா நாளைக்கு நீங்க சொல்லுத எடத்துக்கு நானே தூக்கிட்டு வாரேன்." தட்டு. டங், டங், டங். ஆ. ஊ. ஈ.

வடிவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ரிப்பன், பட்டை, காதுக்கு மேலே வட்டப் பொத்தான். செவிடன் காதில் ஊதின சங்கு. ஐயோ, யாரிடம் போய் எந்தச் சொலவடையைச் சொன்னேன். எத்தனை தலைமுறையாக எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற சொலவடை. உதவாத காரியத்துக்கு உவமை. அந்த உதவாத காரியத்தை ஒருத்தி நிஜமாகவே செய்வாள், விடியக்காலையும் மத்தியானமும் விளக்கு வைக்கிற நேரமும் செய்வாள், என் படுக்கைத் தலைமாட்டுக்கு அரை முழம் தள்ளி நின்று செய்வாள் என்று நினைத்திருப்பேனா? ம்ம். ஸ்ஸ். ஷ்ஷ். கேட்கக் கேட்க வடிவுக்கு இன்னொன்றும் விளங்கியது. விளங்கின உடனே எழுந்து நின்றுவிட்டாள். இது மந்திரம் இல்லை, லைன் டெஸ்ட். காலையில் டியூட்டி ஏறினதும் ஒவ்வொரு லைனாகச் சொருகிப் பார்க்கிற டெஸ்ட். மோசமான லைனில் 'ஊ'வும் 'ம்'மும் போய்ச் சேரும், அவை கனமான சத்தம். 'ஸ்'ஸும் 'ஷ்'ஷும் வழியிலேயே உதிர்ந்துவிடும். சங்கரனைக் கேட்டால் அங்கரனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெண் அடிச் சத்தத்திலிருந்து உச்சிச் சத்தம் வரைக்கும் படி படியாக ஏறி, எந்தப் படியில் பிள்ளை நிற்கிறாள் என்று தேடுகிறாள். எந்த எக்ஸ்சேஞ்சும் இல்லாமல், ஹெட்செட் இல்லாமல், ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு. வயர் உண்டு, கருவி உண்டு, கரண்ட் உண்டு. அந்தக் கோடியில் எடுக்கிற ஆளுக்கு மட்டும் இது மணி என்று தெரியாது. மணி என்றால் என்ன என்றே தெரியாத ஒருத்திக்கு ஆறு மாசமாக மணி அடித்துக்கொண்டிருக்கிறாள். வடிவு முப்பது வருஷம் காதால் சம்பளம் வாங்கினவள். கேட்பது என்றால் இத்தனை பெரிய காரியம் என்று ஒரு நாளாவது நினைத்தாளா? காது இருந்தால் கேட்கும், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள். ஒரு சத்தம் உள்ளே போய், இது சத்தம், இது என் அம்மா, இது என் பேர் என்று ஆவதற்குள் எத்தனை மலை தாண்ட வேண்டியிருக்கிறது.

"மிருதூ. மிருதூ. மிருதூ. மிருதூ." விடாமல் கூப்பிட்டது அந்தக் குரல். வடிவுக்கு மனசு அடித்துக்கொண்டது. இப்படியில்லை, இப்படியில்லை பெண்ணே. விடாமல் அடித்தால் அது லைன் முனகல் ஆகிவிடும். எப்போதும் இருக்கிற சத்தம் சத்தமே இல்லை. சுத்தியலுக்கு ஏன் திரும்பினாள்? அது புதுசு. வராத இடத்திலிருந்து வந்தது. நின்று நின்று வந்தது. தரையும் இல்லை காலும் இல்லை, அவள் கேட்டிருக்கிறாள், சத்தியமாகக் கேட்டிருக்கிறாள். ஆனால் இதை யார் போய்ச் சொல்லுவது? கீழே இறங்கி, கேட்டைச் சுற்றி, சி பிளாக் படி ஏறி, நான்தான் உங்களை மாந்திரீகம் என்று சொல்லிவிட்டவள் என்றா? இத்தனை நேரம் ஒட்டுக் கேட்டேன் என்றா? கால் குழியருகில் வந்துவிட்டது, வாய் வரவில்லை. சூப்பர்வைசர் ரோஸலின் மேடம் குரல் மண்டைக்குள் கேட்டது. "சேத்து வை, வெலகி நில்லு. நடுவுல பேசப்படாது." எக்ஸ்சேஞ்சில் அதுதான் வேதம். லைனில் யார் சிரித்தாலும் அழுதாலும் ஆபரேட்டருக்கு வாய் கிடையாது. ஒரே ஒரு தடவை மீறினாள். பம்பாயிலிருந்து ஒருத்தன், வீரவநல்லூரில் அவன் ஆத்தா. லைன் கோளாறில் அவனுக்கு அவள் கேட்கவில்லை, அவளுக்கு அவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று இருட்டில் துழாவுகிறார்கள். நடுவில் உட்கார்ந்த வடிவுக்கு மட்டும் இரண்டு பேரும் கேட்கிறார்கள். பொறுக்க மாட்டாமல், "ஆச்சி, உங்க பிள்ளை லைன்ல இருக்காரு, நல்லா இருக்கேங்காரு, நீங்க பேசுங்க, நான் சொல்லுதேன்" என்றாள். மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு போனாள். நடுவில் பேசக் கூடாது. பேசக் கூடாதுதான். சேசுராஜ் இப்போது வந்துவிடுவான். போர்டு வந்துவிட்டால் அந்தத் துளையும் பஞ்சுக்குள் போய்விடும். அவளுக்கு அமைதி, அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு அந்த ஹாஸ்டல் படி.

அந்தப் பக்கம் தட்டு நின்றது. கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அந்தப் பெண் அழக்கூட இல்லை, சும்மா இருந்தாள். "விடு செல்வி. போதும். நீ சாப்பிடு" என்றான் புருஷன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மாசக்கணக்கில் வடிவு வேண்டிக்கொண்டிருந்த அமைதி அதுதான். அது வந்ததும் அவளுக்கு நெஞ்சு பதறியது. லைன் சாகப் போகிறது என்று பதறியது. இப்போதுதான், இந்த அமைதியில்தான், இதை விட்டால் கிடையாது. குனிந்து, சுண்ணாம்பு உதிர்கிற குழிக்குள் வாயை வைத்தாள். என்ன சொல்லுவது என்று யோசிக்கவில்லை. வாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஹலோ."

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அது கிழவி குரல் இல்லை. டியூட்டிக் குரல். உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, கடைசி எழுத்தில் லேசாக மேலே ஏறி, நீ யார் என்று கேட்கிற குரல். அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. "யாரு? யாரது? ஸ்விட்ச் பாக்ஸ்லயா பேசுது?" என்றான் புருஷன். "ஷ்ஷ், நீங்க பேசாதீங்க" என்றாள் அந்தப் பெண், மூச்சு முட்ட. "அவளப் பாருங்க. ஏங்க, அவளப் பாருங்க. திரும்பிட்டா. சோத்த வுட்டுட்டுச் செவத்தப் பாக்கா." வடிவு மனசுக்குள் எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று, பொறுத்தாள். பொறுத்துவிட்டு மறுபடியும், "ஹலோ" என்றாள். "இப்பத் தரை அதிர்ந்துச்சா? சொல்லுங்க, இப்பத் தரை அதிர்ந்துச்சா?" என்றாள் செல்வி. ஒரு ஆம்பளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. அதோடு இன்னொரு சத்தம், பொத் பொத்தென்று வெறுங்காலின் சத்தம், சுவரை நோக்கி. அந்தப் பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸ் மூடியில் ஒரு சின்ன உள்ளங்கை அடித்தது. அப்புறம் துளைக்குள் மூச்சு. வேகமான, சூடான, சோறு மணக்கிற மூச்சாக இருக்க வேண்டும், மணக்கவா செய்யும், அவளுக்கு மணத்தது. முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் மூச்சைக் கேட்டிருப்பாள், பேசுவதற்கு முன்னால் ஆட்கள் விடுகிற அந்த மூச்சை. இது மாதிரி ஒன்று கேட்டதில்லை. பிறந்து நாலு வருஷம் கழித்து உலகம் ஹலோ என்கிறது, அதற்கு வாய் திறக்கத் தெரியாமல் ஒரு உயிர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. வடிவின் கை கூப்பிக்கொண்டது. யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல் அந்தச் சதுரக் குழியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"யம்மா, நான் பக்கத்து வீடுதான்" என்றாள், பிள்ளை பயந்துவிடாமல் அடங்கின குரலில். "மன்னிச்சுக்கிடு, எல்லாம் கேட்டுட்டேன். நான் சொல்லுத மாதிரி ஒரு தடவ செய்யுதியா? அவ பக்கத்துல வராத. தட்டு வேண்டாம். வீட்டுக்கு அந்தக் கோடிக்குப் போ, அவ கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போ. கொஞ்ச நேரம் சும்மா இரு. ஒண்ணுமே கேக்காம இருக்கட்டும். அப்பொறம் ஒரே ஒரு தடவ அவ பேரச் சொல்லு. கத்தாத. பக்கத்துல படுத்திருக்கும்போது கூப்பிடுவல்லா, அப்படி." வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல் கொலுசுச் சத்தம் தள்ளிப் போயிற்று, தள்ளித் தள்ளிப் போய் நின்றது. இரண்டு வீட்டிலும் அமைதி. வடிவின் காதில் ம்ங்ங் என்று அந்த ரீங்காரம் எழுந்தது. பயமாக இல்லை. லைனில் உயிர் இருக்கிறபோது கேட்கிற முனகல் போலத்தான் இருந்தது. துளைக்குள் மூச்சு, உள்ளே, வெளியே, உள்ளே. நடுவில் பேசக் கூடாது. இப்போது கூடவே கூடாது. சேத்து வச்சாச்சு, வெலகி நில்லு வடிவு.

தூரத்திலிருந்து, சாதாரணமாக, அந்தக் குரல் வந்தது. "மிருது."

துளைக்குள் மூச்சு நின்றது. மூடியில் தலைமுடி உரசியது. அப்புறம் மூச்சு இந்தப் பக்கம் இல்லை. தலை திரும்பிவிட்டது. பொத் பொத்தென்று வெறுங்கால் சத்தம் சுவரை விட்டு விலகி, குரல் வந்த திசைக்கு ஓடியது. ஓடின கோடியில் ஒருத்தி கதறின கதறலைச் சி பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும். வடிவு கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்கிற சத்தம்கூட நடுவில் வரக்கூடாது போல நின்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்டின போர்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சேசுராஜ் உள்ளே வந்தான். குழிக்கு அளவு வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டு, "அடச்சிருவமாக்கா?" என்றான். வடிவு உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இருங்க தம்பி. லைன்ல ஆள் இருக்கு."